ஈயைப் பழித்த பிழை

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பொடி ஈயைக் கையால் விரட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். அதை வளர்த்து எண்ணிக் கொண்டிருக்கச் சர்க்கார் பணமா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். கஞ்சிக்கு வழியில்லாதவன் கேட்கத்தான் செய்வான். பதிலையும் கேளுங்கள் தோழர்களே!

இந்த ஈக்குப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். மனிதரிடம் முந்நூறு ஆண்டு காத்திருந்து பார்க்கவேண்டிய பரம்பரைச் சங்கதியை ஈயிடம் ஐந்தே மாதத்தில் பார்த்துவிடலாம். 1910ல் நியூயார்க்கில் மார்கன் என்பவர், பால் புட்டியில் வளர்த்த சிவப்புக்கண் ஈக்களிடையே வெள்ளைக்கண் ஈ ஒன்றைக் கண்டார். அதன் வம்சத்தை எண்ணி எண்ணியே, பரம்பரைக் குணத்தைக் கடத்தும் ஜீன், உயிரணுவின் குரோமசோமில் இருக்கிறதென்று காட்டினார். எக்ஸ்ரே பட்ட ஈயின் கேடு அதன் சந்ததிக்கும் போகிறதென்று 1927ல் முல்லர் நிரூபித்தார். எக்ஸ்ரே அறைத் தொழிலாளி பாதுகாப்புக் கேட்டால், அவருக்கு இந்த ஈயும் ஒரு சாட்சி.

1980ல் ஜெர்மனியில் இரு விஞ்ஞானிகள், ஈயின் புழுவுக்கு உருவம் தரும் ஜீன்களைத் தேடினார்கள். ஒரு ஜீன் கெட்டபோது புழு உடம்பெல்லாம் முள்ளாய் நின்றது. அதற்கு முள்ளெலி என்று பேரிட்டார்கள். அதே வகை ஜீன்தான் கருவிலே நம் விரல்களையும் மூளையையும் உருவாக்குகிறது. அதன் வேலை கட்டுமீறினால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வருகிறது. அதற்கு 2012ல் அமெரிக்காவில் மருந்தும் வந்தது. மாதச் செலவு ஆயிரக்கணக்கான டாலர்! அது கம்பெனி முதலாளியின் குற்றம், ஈயின் குற்றமல்ல.

நம் வீட்டுக் குற்றத்தையும் மறைக்கமாட்டோம். முல்லர் 1933 முதல் 1937 வரை சோவியத் நாட்டில் வேலை செய்தவர். அதே நாட்டில் லைசென்கோ ஜீனே கிடையாது என்றார். 1948 ஆகஸ்டில் மாஸ்கோ விவசாய விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில், தம் அறிக்கையை மத்தியக் கமிட்டி அங்கீகரித்துவிட்டது என்று அறிவித்தார். அத்தோடு விவாதம் முடிந்தது. ஈ ஆராய்ச்சிக்கூடங்கள் மூடப்பட்டன. ஈப் பிரியர்கள் மனித விரோதிகள் என்று 1949ல் அங்கே ஒரு பத்திரிகை தலைப்பிட்டது. ஜீன் உண்டா இல்லையா என்பதைக் கமிட்டியா தீர்மானிப்பது? தறி ஓடுமா ஓடாதா என்று ஓட்டிப் பார்க்காமல் கைதூக்கித் தீர்மானம் போடும் மேஸ்திரியை நாம் மதிப்போமா?

அந்தக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஜீனுக்காகப் பேசினார். ரப்போபோர்ட், ஈ ஆராய்ச்சியாளர், கட்சி உறுப்பினர், பாசிஸ்டுகளை எதிர்த்த யுத்தத்தில் ஒரு கண்ணைக் கொடுத்தவர். சொன்னதை வாபஸ் வாங்க மறுத்தார். வேலை போயிற்று, 1949ல் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். லைசென்கோவின் ஆதிக்கம் 1964க்குப் பிறகு சரிந்தது. 1984ல் ரப்போபோர்ட்டுக்கு லெனின் பரிசு கொடுத்தார்கள்.