கையில் இருந்த கோப்பு

வேலை போன செய்தியைத் தொலைக்காட்சி பார்த்துத் தெரிந்துகொண்டால் எப்படி இருக்கும்? எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமிக்கு 2017 மே 9ஆம் தேதி அதுதான் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் தம் ஊழியர்களிடம் பேசிக்கொண்டிருந்தவர், அங்கிருந்த திரையில் தம் பெயரைப் பார்த்தார். அதிபர் டிரம்ப் அவரை நீக்கிவிட்டார்!

வானொலியில் செய்தி சொல்லும் எனக்கு, அதன்பிறகு நடந்த வாதம்தான் இன்னும் நினைவில் நிற்கிறது. ஹிலரி கிளிண்டனின் மின்னஞ்சல் விசாரணைக்காகக் கோமியைத் திட்டிய ஜனநாயகக் கட்சியினர், இப்போது அவருக்காகக் குரல் கொடுத்தனர். அதே விசாரணைக்காக 2016 தேர்தல் நேரத்தில் அவரைப் பாராட்டிய டிரம்ப், இப்போது அதையே குற்றமாகக் காட்டினார். அப்போது ரஷ்யத் தலையீடு பற்றிய விசாரணையும் கோமியின் பொறுப்பில்தான் இருந்தது.

இயக்குநரின் பதவிக்காலம் 10 ஆண்டு. ஆனாலும், இடையில் நீக்க அதிபருக்கு அதிகாரம் உண்டு. கோமி போன எட்டாம் நாள், அந்த விசாரணை சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் முல்லரிடம் போனது.

எந்த நாட்டிலும் பெரிய அதிகாரி ஒருவர் நீக்கப்பட்டால், அவர் நம் பக்கமா என்று பார்ப்பதற்கு முன், அவர் கையில் என்ன கோப்பு இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.