உயர்மதிப்பு அஞ்சல்தலைகள்: சேர்ப்பதோடு செலவிடவும் வேண்டும்

சில மாதங்களுக்கு முன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று தடித்த ஆல்பங்களுடன் நமது கிளைக்கு வந்தார். அவற்றை ஈடாக வைத்துப் பேத்தியின் கல்லூரிக் கட்டணத்திற்குக் கடன் பெற இயலுமா என்று கேட்டார். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பல ஆண்டுகளாக அவர் வாங்கிச் சேர்த்த அஞ்சல்தலைகள் அவை. 5 ரூபாய் முதல் 100 ரூபாய் வரையிலான தலைகள் இருந்தன. சில முழுத் தாள்களாகவே இருந்தன. "பெரிய மதிப்புள்ள தலைகளாயிற்றே, விலையும் அப்படியே ஏறியிருக்காதா, தம்பி?" என்றார். வங்கி அவற்றை ஈடாக ஏற்பதில்லை என்று சொல்வது எளிதாக இருந்தது. அவருடைய இரண்டாம் கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினமாக இருந்தது.

முகமதிப்பு வேறு, அருமை வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பலருடைய சேமிப்பைக் கரைக்கிறது. 1948 ஆகஸ்ட் 15 அன்று, விடுதலையின் முதலாண்டு நிறைவில், காந்தியடிகளின் உருவம் தாங்கிய நான்கு தலைகள் வெளியாயின. ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய் என்பன அவற்றின் மதிப்புகள். சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் அச்சான அவற்றில் 'பாபு' என்ற சொல் இந்தியிலும் உருதுவிலும் இடம்பெற்றது. ரூபாய்க்கு 16 அணா என்ற அக்கணக்கில், 10 ரூபாய்த் தலை ஒன்றின் விலைக்கு ஒன்றரை அணாத் தலைகள் நூற்றுக்கும் மேல் வாங்கலாம். எனவே அதை வாங்கியவர் சிலரே. இன்று அது விரும்பித் தேடப்படுவதற்கு அதுவே காரணம். அதன்மேல் அச்சிட்ட எண் பெரியது என்பதன்று.

2017ஆம் ஆண்டில் இதே 10 ரூபாய்த் தலைகள் நான்கு சேர்ந்த தொகுதி ஒன்று இங்கிலாந்தில் ஐந்து இலட்சம் பவுண்டுக்கு விலைபோனது. அச்செய்தியைப் படித்துத் தம் வீட்டுப் பரணை ஆராய்ந்தோர் உண்டு. ஆனால் அத்தலைகளின்மேல் 'சர்வீஸ்' என்ற சொல் கூடுதலாக அச்சிடப்பட்டிருந்தது. தலைமை ஆளுநரின் அலுவல் பயன்பாட்டிற்கென அவ்வாறு அச்சானவை நூறு தொகுப்புகள் மட்டுமே. அந்தச் சிறு சொல்லும் அந்தச் சிறு எண்ணிக்கையுமே அவ்விலைக்குக் காரணம். அண்மைக் காலத் தலைகளோ பெரும் எண்ணிக்கையில் அச்சாகின்றன. வாங்குவோரில் பலர் அவற்றைப் பத்திரமாகவும் வைத்திருக்கின்றனர். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாவது எங்ஙனம்? மொத்தமாக விற்கச் சென்றால், வணிகர் பெரும்பாலும் முகமதிப்புக்கும் குறைத்தே கேட்பர்.

கணக்கியல் நோக்கில் பார்த்தால், அஞ்சல்தலை என்பது முன்பணம் செலுத்திய ஒரு சேவைக்கான சான்று. அதற்கு வட்டி இல்லை. அஞ்சலகம் அதைத் திரும்பப் பெற்றுப் பணம் தருவதுமில்லை. 100 ரூபாய்த் தலையை ஆல்பத்தில் பூட்டி வைப்பவர், பெறாத சேவைக்கு 100 ரூபாய் கொடுத்தவர் ஆகிறார். அழகுக்காகவோ வரலாற்றுக்காகவோ மனமுவந்து கொடுத்தால் அது நல்ல செலவு. முதலீடு என்று எண்ணிக் கொடுத்தால் அது தவறான கணக்கு.

உயர்மதிப்புத் தலைகள் தோன்றியது உழைப்பதற்காகவே. ஆங்கிலேயர் ஆட்சியில் 25 ரூபாய் வரை தலைகள் இருந்தன. 1949இல் வெளியான தொல்லியல் வரிசையில் 10 ரூபாய்க்குக் குதுப் மினாரும் 15 ரூபாய்க்குப் பாலிதானாவின் சத்ருஞ்ஜயக் கோயிலும் இடம்பெற்றன. கனத்த பார்சல்களுக்கும் வெளிநாட்டு விமான அஞ்சலுக்கும் தந்திக் கட்டணத்திற்கும் இத்தகைய தலைகள் பயன்பட்டன. 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றது. இன்று அஞ்சலக முகப்பில் பணம் கட்டினால், கணினி அச்சிட்ட ஒரு சீட்டை உறையில் ஒட்டுகின்றனர். ஆகவே உரிய கட்டணத்திற்கு உயர்மதிப்புத் தலை ஒட்டி, முத்திரை பெற்று, உண்மையாகவே பயணம் செய்த உறை அருகி வருகிறது.

முத்திரை பட்டால் தலை கெட்டுவிடும் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. எந்த ஊரிலிருந்து, எந்த நாளில், எவ்வளவு கட்டணத்தில் எங்குச் சென்றது என்பதையெல்லாம் முத்திரையும் உறையும் சேர்ந்தே சொல்கின்றன. ஒட்டாத தலை அழகியதுதான். ஆனால் அதற்குச் சொல்ல ஒரு பயணம் இல்லை.

எனவே வாசகர்களுக்கு நாம் கூற விரும்புவது இது. விரும்பிய தலையில் இரண்டு வாங்குங்கள். ஒன்றைப் பேணுங்கள், ஒன்றை அனுப்புங்கள். அடுத்த முறை பார்சல் அனுப்பும்போது தலைகளாகவே தருமாறு அஞ்சலகத்தில் கேளுங்கள். வந்த உறையிலிருந்து தலையை நனைத்துப் பிரிக்காமல் உறையோடு வைத்திருங்கள். மழைக்காலத்தில் ஆல்பத்தை ஈரம் அண்டாத இடத்தில் நிறுத்தி வையுங்கள்; பசை ஒட்டிக்கொண்டால் தலை பாழாகும். புதிய வெளியீடுகள் வேண்டுவோர் 200 ரூபாய் செலுத்தி, அஞ்சல்துறையின் அஞ்சல்தலை வைப்புக் கணக்கைத் தொடங்கலாம். ஆனால் பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் உரிய பணத்தை அதில் இடாதீர்கள். அதற்கு வைப்பு நிதிகள் இருக்கின்றன.

ஆசிரியரின் பேத்திக்குக் கல்விக் கடன் கிடைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் அவளுக்கு, மாதந்தோறும் தாத்தாவிடமிருந்து ஒரு பார்சல் போகிறது. முழுத் தாள்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. உறைகளை அவள் எறிவதில்லையாம். அண்மையில் கிளைக்கு வந்தபோது அதைச் சொல்லிவிட்டு, "இப்போதுதான் சேகரிப்பு தொடங்கியிருக்கிறது, தம்பி" என்றார்.