"பல் உடைந்தது" என்று எழுதினால் போதுமா?

கோப்பும் பதிவேடுமாகக் காலம் தள்ளியவன் நான். ஒரு விஷயத்தைச் சரியாக எழுதாவிட்டால் அதன் மேல் எடுக்கும் நடவடிக்கையும் சரியாக இருக்காது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. அதனால்தான் "கீழே விழுந்து பல் உடைந்தது" என்ற ஒற்றை வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. பள்ளிக்கூடப் பதிவேட்டிலும் பார்த்திருக்கிறேன், ஓ.பி. சீட்டிலும் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பல்? பால் பல்லா, விழுந்து முளைத்த பல்லா? நுனியில் சில்லு போனதா, நடுவில் ரத்தப் புள்ளி தெரிகிறதா? ஆடுகிறதா, ஈறுக்குள் ஏறிவிட்டதா, வேரோடு வந்துவிட்டதா? எத்தனை மணிக்கு? அந்த வரியில் எதற்கும் பதில் இல்லை.

சட்டம் இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. 1860ஆம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆவது பிரிவு, எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் கொடுங்காயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆவது பிரிவும் அதையேதான் சொல்கிறது. அடித்தவனைத் தண்டிக்க இது போதும். அடிபட்ட குழந்தைக்கு வைத்தியம் பார்க்கப் போதாது.

பல் வைத்தியர்கள் இதை எப்போதோ வகை பிரித்துவிட்டார்கள். கனடாவின் எல்லிஸ் வகுத்த பிரிவுகளை நம் ஊர்க் கல்லூரிகளிலும் படிக்கிறார்கள். டென்மார்க்கின் ஆண்ட்ரியாசென் வகுத்தது இன்னும் விரிவானது. பரீட்சைக்காக வகுத்தவை அல்ல இவை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கெடு உண்டு. எனாமல் மட்டும் சில்லு போயிருந்தால் அவசரமில்லை. உள்ளே இருக்கும் கூழ் தெரிந்தால் அன்றைக்கே பார்க்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு மேல் முன்பல்லின் வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. கூழ் பிழைத்தால்தான் வேர் வளரும். நிரந்தரப் பல் வேரோடு வந்துவிட்டால் கணக்கு நிமிஷத்தில். ஒரு மணி நேரம் காய்ந்து கிடந்தால் வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் செத்துவிடும்.

பேராவூரணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வந்து சேர முடியுமா? ஆகவே முதல் வைத்தியம் விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும். வேரைத் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து, அழுக்கிருந்தால் பாலில் மெல்ல அலசி, குழிக்குள் வைத்து, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடலாம். தண்ணீரில் போடக் கூடாது. டீக்கடை இல்லாத ஊர் நம் டெல்டாவில் உண்டா?

நாம் என்ன செய்கிறோம்? விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். பால் பல்லுக்கு அது சரிதான். அடிபட்டு விழுந்த பால் பல்லைத் திரும்ப வைக்கவும் கூடாது, அடியில் வளரும் பல் கெடும். ஆனால் எங்கள் தெருவில் ஒன்பது வயதுப் பையனின் நிரந்தரப் பல்லையே குப்பையில் போட்டுவிட்டுத்தான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். சீட்டில் எழுதியிருந்தது அதே ஒற்றை வரி.

"பெரியவனானால் கட்டிக்கொள்ளலாம்" என்பார்கள். தாடை வளர்ந்து முடியும்வரை இம்ப்ளாண்ட் வைக்க மாட்டார்கள். அதற்குப் பத்து வருஷம் ஆகும். பள்ளிக்கூட வயது முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டியவன் அந்தப் பையன்.

"வகை பிரிப்பது டாக்டர் வேலை, வாத்தியாருக்கு எதற்கு?" என்றும் கேட்பார்கள். வாத்தியார் வகை பிரிக்க வேண்டாம். பின்னால் டாக்டர் கண்டுபிடிக்க முடியாததை மட்டும் எழுதட்டும்: அடிபட்ட மணி, பல்லோ துண்டோ கிடைத்ததா, எதில் வைத்து அனுப்பினோம், பிள்ளை மயங்கியதா, வாந்தி எடுத்ததா. துண்டு கிடைக்கவில்லை என்றால் அது உதட்டுக்குள்ளோ மூச்சுக்குழாயிலோ இருக்கலாம். அதையும் எழுதினால்தான் தேடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் பல்லின் எண்ணையும் காயத்தின் வகையையும் எழுதட்டும். உலகின் பல நாடுகளில் மேல் வலது நடு முன்பல் 11, அதே இடத்துப் பால் பல் 51. இரண்டு இலக்கம் எழுத எவ்வளவு மை செலவாகும்?

பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நண்பர்கள் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். பதிவேட்டில் ஐந்து கலம் கூடுதலாகப் போட அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்கேலும் பேனாவும் போதும்.