சிவப்புக் கம்பளமும் நெய்தவர் பெயரும்

திரைப்பட விருது விழாக்களின் சிவப்புக் கம்பளத்தைப் பற்றி நம் வார ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். விலைவாசி, வேலையின்மை, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கையில் நடிகையரின் ஆடை அணிகளுக்கு ஒரு பக்கமா? கேள்வி நியாயமானதே. ஆயினும் ஆடை என்பது உழைப்பின் விளைபொருள். யார் எதை உடுத்தலாம், யார் முன்னிலையில் உடுத்தலாம் என்பது அதிகாரத்தின் கேள்வி. இவ்விரண்டையும் விட்டுவிட்டு நாம் வேறு எதைப் பேசப்போகிறோம்? அதிலும் நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்தில் திருப்புறம் போன்ற எல்லையோர ஊர்களில் வாழும் தமிழருக்கு இது அயலார் கதையன்று.

கால்படும் இடத்தில் செந்நிறத் துணி விரிப்பது பழைய அரச வழக்கம். கி.மு. 458இல் அரங்கேறிய ஏஸ்கிலஸின் 'அகமெம்னான்' நாடகத்தில், போரில் வென்று திரும்பிய மன்னன் அத்தகைய விரிப்பின்மேல் நடக்கத் தயங்குகிறான். அது தெய்வங்களுக்கு உரிய மரியாதை என்று அஞ்சுகிறான். திரைத்துறைக்கு அந்தத் தயக்கம் இருந்ததில்லை. 1922இல் ஹாலிவுட்டின் எகிப்தியன் திரையரங்கில் 'ராபின் ஹூட்' படத்தின் முதற்காட்சிக்குக் கம்பளம் விரிக்கப்பட்டது. 1929இல் தொடங்கிய ஆஸ்கர் விழாவுக்கு அது 1961இல்தான் வந்து சேர்ந்தது. இதற்கிடையே 1953இல் விழா தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிவிட்டது. 1966இல் அந்த ஒளிபரப்பு வண்ணத்துக்கு மாறியது. வாசலிலிருந்து அரங்கம் வரையிலான அந்தச் சிறிய தூரம் நாளடைவில் விழாவைவிடப் பெரிய விழாவாயிற்று.

ஸ்டுடியோக்கள் கோலோச்சிய காலத்தில் நடிகை ஓர் ஒப்பந்த ஊழியர். அவர் விழாவுக்கு உடுத்திவந்த ஆடையும் பெரும்பாலும் ஸ்டுடியோவின் தையற்கூடத்தில் உருவானதே. 8 ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ஆடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட் அத்தகைய கூடமொன்றின் தலைவராக இருந்தவர்தான். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டுடியோக்களின் திரையரங்க ஏகபோகத்தைத் தகர்த்த பிறகு அந்த அமைப்பு மெல்லச் சரிந்தது. காலியான இடத்தில் பின்னாளில் வந்து அமர்ந்தவை ஆடை நிறுவனங்கள். 1990களில் அர்மானி உள்ளிட்ட நிறுவனங்கள் நடிகையருக்கு ஆடைகளை இரவல் கொடுக்கப் போட்டியிட்டன. நடிகை ஓர் எசமானிடமிருந்து விடுபட்டு வேறோர் எசமானின் விளம்பரப் பலகையானார்.

அந்த ஆண்டுகளில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கேள்வி பிரபலமாயிற்று. அதைத் தமிழில் பெயர்த்தால் 'யாரை உடுத்தியிருக்கிறீர்கள்?' என்று வரும். முப்பது ஆண்டுகளாக மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ள எனக்கு இதைவிட விசித்திரமான வாக்கியம் அதிகம் வாய்த்ததில்லை. தமிழில் வேட்டியை உடுத்தலாம், சேலையை உடுத்தலாம். ஆளை உடுத்த முடியாது. இலக்கணம் இடங்கொடாத இவ்வாக்கியத்தை முதலாளித்துவச் சந்தை வெகு இயல்பாகப் பேசுகிறது. கேள்விக்கு விடையாக வரும் பெயர் நிறுவனத்தின் பெயரே. நூற்றவர், நெய்தவர், தைத்தவர் பெயர் ஒருநாளும் வாராது. 'மூலதனம்' முதல் அத்தியாயத்தில் சரக்கின் மதிப்பை விளக்க மார்க்ஸ் எடுத்துக்கொண்ட உதாரணங்கள் லினன் துணியும் கோட்டும் என்பதைத் தோழர்கள் அறிவர். மனித உழைப்பு மறைந்து பண்டமே உயிர்பெற்று நிற்கும் அந்த மாயத்தை விளக்க, இன்று பாடம் நடத்துபவர் கம்பளத்தின் ஒளிப்பதிவு ஒன்றைக் காட்டினாலே போதும்.

உடை மட்டுமன்று, கம்பளமும் அப்படித்தான். நியூயார்க்கில் ஆண்டுதோறும் நடக்கும் மெட் காலா திரைப்பட விருது விழா அன்று. ஆனால் திரைநட்சத்திரங்களின் ஆடை அணிவகுப்பில் அதற்கு நிகரில்லை. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் அங்கே விரிக்கப்பட்ட கம்பளம் ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலையில் நெய்யப்பட்டது. சைசல் என்னும் கற்றாழை வகை நாரால் ஆனது. 2025ஆம் ஆண்டுக்கு மட்டும் 57 சுருள்கள். ஏறத்தாழ 6,840 சதுர மீட்டர். 480 தொழிலாளர்களின் 90 நாள் உழைப்பு. வெள்ளை விரிப்பாகக் கப்பலேறி, அமெரிக்காவில் வண்ணம் பூசப்பட்டது. வண்ணம் பூசிய ஓவியரின் பெயரை உலகம் அறியும். வயலார் எந்த வட்டத்தில் உள்ளது என்று நம் தோழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 1946இல் திவானின் படைக்கு எதிரே நின்ற கயிற்றுத் தொழிலாளர்களின் மண் அது.

உழைப்பை மறைப்பது ஒரு பக்கம். வாசலிலேயே தடுப்பது மற்றொரு பக்கம். 1940இல், 'கான் வித் த விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல், ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். விழா நடந்த விடுதி கறுப்பினத்தவரை அனுமதிக்காதது. படத்தயாரிப்பாளர் தனிச்சலுகை பெற்றே அவரை உள்ளே கொண்டுவர வேண்டியிருந்தது. நேர்த்தியான உடையில் கூந்தலில் மலர் சூடி வந்த அவரைச் சக நடிகர்களோடு அமர்த்தாமல், சுவரோரத் தனி மேசையில் அமர்த்தினர். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சிக்கு அவரால் செல்லவே இயலவில்லை.

இதை அமெரிக்க நிறவெறி என்று சொல்லி முகம் சுளிக்குமுன் நம் வாசலைப் பார்க்க வேண்டும். மலையாளத்தின் முதல் திரைப்படமான 'விகதகுமாரன்' திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் 1930இல் திரையிடப்பட்டது. 1928 என்பாரும் உளர். அதை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அதன் நாயகி பி.கே. ரோசி, ஒரு தலித் பெண். படத்தில் அவர் ஏற்றது நாயர் குலப் பெண்ணின் வேடம். முதற்காட்சிக்கு அவர் வரலாகாது என்றனர். திரையில் அவர் உருவம் தோன்றியபோது கல்லெறிந்தனர். உயிருக்கு அஞ்சி ஊரை விட்டே ஓடிய ரோசி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்து மறைந்தார்.

ஒரு பெண் வேடமிட்டு நடித்ததற்கா இவ்வளவு சினம்? இதன் வேர் தோள்சீலைப் போராட்டத்தில் இருக்கிறது. கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல்லாண்டுகள் போராடினர். அடிபட்டனர், தெருவிலும் சந்தையிலும் அவர்தம் மேலாடை கிழிக்கப்பட்டது. இறுதியில் 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா உரிமை வழங்கி அறிக்கை விட்டார் என்று பாடநூல்களில் படிக்கிறோம். அவ்வறிக்கையின் நிபந்தனையை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களின் பாணியில் உடுத்தலாகாது என்றது அது. அதாவது, மானம் காக்கத் துணி உண்டு. சமமாகத் தோன்றத் துணி இல்லை. ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்து ரோசி மீறியது எழுத்தில் இருந்த எந்தச் சட்டத்தையும் அன்று, அந்த நிபந்தனையைத்தான்.

டேனியலின் பெயரால் கேரள அரசு 1992 முதல் தன் மிக உயர்ந்த திரைத்துறை விருதை வழங்கிவருகிறது. வாழ்ந்த காலத்தில், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் என்று சொல்லித் தள்ளப்பட்டவர் அவர். 1956இல் நிலத்தில் கிழித்த கோடு மனிதரின் நினைவையும் எப்படிக் கூறுபோடும் என்பதை இப்பகுதியினர் நன்கறிவர்.

விழா மேடைகளில் கேரளத்தின் அடையாளமாகத் திரும்பத் திரும்பத் தோன்றும் கசவுச் சேலையைப் பற்றியும் ஒரு சொல். திருப்புறத்துக்கு அருகே பாலராமபுரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர் பாலராமவர்மாவும் திவான் உம்மிணித் தம்பியும் குடியமர்த்திய சாலியர்கள் தென் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து, பள்ளத்தறியில் கையால் நாடா எறிந்து, முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோலத் தோன்ற நெய்வது அவர்களின் கைத்திறன். ஊருக்கு அரசர் பெயர் இருக்கிறது. துணிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. நெய்பவர் வீட்டுப் பிள்ளைகள் தறியில் இறங்க மறுக்கிறார்கள். மறுப்பதில் குற்றமில்லை; அந்தக் கூலிக்கு யார் இறங்குவார்கள்? 2017 முதல் அரசு கொண்டுவந்த கைத்தறிப் பள்ளிச் சீருடைத் திட்டம் பல தறிகளை ஓட வைத்தது. அதன் கூலி நிலுவையைத் தீர்ப்பதில் நம் அரசுக்கே பலமுறை தாமதம் நேர்ந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

கம்பளத்தில் நல்லது எதுவும் நடப்பதில்லை என்பதும் சரியன்று. 2018 கோல்டன் குளோப் விழாவில் பாலியல் வன்முறைக்கு எதிராக நடிகையர் கறுப்பு உடுத்தி வந்தனர். 2024 மே மாதம் கான் திரைப்பட விழாவில், பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்' படக் குழுவினருடன் நடந்த திருவனந்தபுரத்துக்காரர் கனி குஸ்ருதியின் கையில் தர்ப்பூசணிக் கீற்று வடிவில் ஒரு கைப்பை இருந்தது. பாலஸ்தீனக் கொடியின் வண்ணங்களைச் சுமக்கும் பழம் அது. ஒரு சொல்லும் பேசாமல், உலகின் ஒளிப்படக் கருவிகள் அனைத்தும் பார்க்க, அவர் அதை உயர்த்திக் காட்டினார். காசாவில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த நாளில் அரசுகள் பல செய்யத் துணியாததைக் கைப்பை ஒன்று செய்தது. அப்படம் கிராண்ட் பிரி விருதை வென்றது.

இனி, கம்பளத்துக்கு நேர் எதிரே இருப்பது. நடிகை மீதான வன்முறையை அடுத்து 2017இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஹேமா குழு, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்து 2019 டிசம்பர் 31இல் அறிக்கை அளித்தது. பாலியல் சுரண்டல் பற்றிய பகுதிகளே பெரிதும் பேசப்பட்டன. அதே அறிக்கையில் எளிய செய்தி ஒன்றும் உண்டு. பல படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்கு உடை மாற்ற அறை இல்லை, கழிவறை இல்லை. கழிவறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். துணை நடிகையருக்கு இது அன்றாட நடைமுறை. இந்த அறிக்கை 2024 ஆகஸ்ட் 19 வரை, நான்கரை ஆண்டுகளுக்கும் மேலாக வெளிவராமல் கிடந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது இடது ஜனநாயக முன்னணி. சாட்சியமளித்தோரின் தனியுரிமை என்று கூறப்பட்ட காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் உடை மாற்றும் அறையும் கழிவறையும் எவருடைய தனியுரிமையையும் பாதிப்பவை அல்ல. அந்தப் பகுதியை மட்டுமாவது எடுத்து 2020லேயே தளங்களில் நடைமுறைப்படுத்தியிருக்கலாம். தகவல் ஆணையம் உத்தரவிடும் வரை காத்திருந்தது நமக்குப் பெருமை தருவதன்று.

திரைத்துறைத் தொழிற்சங்கங்களில் பணியாற்றும் தோழர்கள், அடுத்த கூலி ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் இந்த இரண்டு கோரிக்கைகளையும் சம்பள உயர்வுக்குப் பின்னே தள்ளாமல் முதல் வரிசையில் வைக்க வேண்டும். தண்ணீரும் கதவுத் தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறைக்கு ஆகும் செலவு, விருது விழாவொன்றின் மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குகூட இராது.