கண்ணுக்குத் தெரியாத எழுத்து

கணனி மக்கர் பண்ணுகின்றது என்று எம்மிடம் வருபவர்களிடம் நாம் முதலில் கேட்பது, 'திரையில் என்ன எழுதியிருந்தது?' என்பதே. 'ஏதோ ஆங்கிலத்தில் வந்தது, மூடிவிட்டேன்' என்பதே பெரும்பாலும் விடையாக வரும். கலைப்பட்டதாரியாகிய நாமும் நெடுங்காலம் அப்படி மூடி வந்தவர்கள்தாம். சென்ற மாதம் ஒரு கல்வெட்டு வேலை எம்மை உட்கார்ந்து வாசிக்க வைத்தது.

எமது அயலில் வாழ்ந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் காலமானார். 1998இல் அவர் தம் கையாலேயே தட்டெழுதி வைத்த ஊர் நினைவுகளை முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் சேர்க்க வேண்டும் என்பது அவரது துணைவியாரின் விருப்பம். அம்மையார் தந்த இறுவட்டைத் திறந்தோம். பக்கம் பக்கமாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். அக்காலத்தில் எம்மவர் பெரிதும் கையாண்ட பாமினி எழுத்துருவின் வேலை அது. 'தமிழ்' என்னும் சொல் அக்கோப்பில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகவே இருக்கும். எழுத்துருவை அணிவித்தால் தமிழ், கழற்றினால் குப்பை. அத்தனை பக்கங்களிலும் எமக்கு வாசிக்க முடிந்தது ஒரே சொல்: 'ராலி'. அதனை மட்டும் அவர் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார்.

பாமினியை நிறுவி அப்படியே அச்சிடலாமே என வாசகர்கள் கேட்கக்கூடும். அச்சகத்தார் ஒருங்குறியில் மட்டுமே ஏற்பதாகக் கூறினர். பேரப்பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வாசிக்கவும் அதுவே வேண்டும். நாட்கள் பன்னிரண்டே இருந்தன. முழுவதையும் மீளத் தட்டெழுதும் வயது எம் விரல்களுக்குக் கடந்துவிட்டது.

பைதன் மொழிக்கென 'ஓபன்-தமிழ்' என்றொரு இலவச நிரல் தொகுப்பு உண்டு. பாமினியை ஒருங்குறியாக்கும் பகுதி அதில் அடங்கியுள்ளது. எமது பெறாமகன் அதனைப் பயன்படுத்தும் சிறு நிரல் ஒன்றை எழுதி மின்னஞ்சலில் அனுப்பினான். எம்மிடம் இருப்பது உபுண்டு 24.04 நிறுவிய பழைய மடிக்கணனி.

தொகுப்பை நிறுவ 'பிப்' என்னும் கருவியை ஏவினோம். மறுத்துவிட்டது. 'இச்சூழல் வெளியே இருந்து நிர்வகிக்கப்படுகின்றது' என்ற பொருள்பட ஒரு நீண்ட அறிவித்தல். தொலைபேசியில் பெறாமகன், "பெரியப்பா, முன்னுக்குச் சூடோவைப் போட்டு அடியுங்கோ" என்றான். சூடோ என்பது கணனியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கும் கட்டளை. அதற்கும் அதே மறுப்பு. "அப்ப, கடைசியில காட்டுற அந்தத் தெரிவையும் சேருங்கோ" என்றான். அத்தெரிவின் பெயரை நாம் வாசித்தோம். 'கணனித் தொகுதியின் பொதிகளை முறி' என்பதே அதன் பொருள். முறிப்பேன் என்று பெயரிலேயே சொல்லும் ஒன்றை ஏவ எமக்கு மனம் வரவில்லை.

அறிவித்தலை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தபோது காரணம் விளங்கியது. உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றுக்குப் பைதனையே நம்பியிருக்கின்றது. நாம் வேறொரு பதிப்பை மேலே திணித்தால் அவ்வேலைகள் குழம்பும். இவ்வாறு பலர் குழப்பிய பின்னரே, 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதலியவற்றில் இத்தடை வந்தது. இந்நாட்டுக்கு வந்த புதிதில் நிலக்கீழ் அறையில் குடியிருந்த எமக்கு இது புதிதல்ல. வீட்டுக்காரரின் அடுப்பில் கைவைக்கலாகாது. எமக்கெனச் சிறு அடுப்பொன்று வைத்துக்கொள்ள வேண்டும். பைதனில் அந்தத் தனியடுப்புக்கு 'மெய்நிகர் சூழல்' என்று பெயர். அதனை உருவாக்க முயன்றபோது 'பைதன்3-வென்வ்' என்ற பொதி இல்லை என்றது. நிறுவ வேண்டிய கட்டளையையும் தானே எழுதிக் காட்டியது. சூடோவுக்கு உரிய இடம் அதுவே. அதன்பின் ஓபன்-தமிழ் மறுப்பின்றி அமர்ந்தது.

இனி நிரலை ஓட்ட வேண்டும். 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றது. அக்கோப்புக்கு இயங்கும் உரிமை வழங்கினால் போதும். எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற எண்ணைச் சிலர் கைமருந்தாகச் சொல்வார்கள். கதவே இல்லாத வீட்டுக்கு அது ஒப்பு.

அடுத்து வந்ததுதான் எமது இரண்டு இரவுகளைத் தின்றது. 'பைதன்3 என்ற கோப்போ அடைவோ இல்லை' என்றது கணனி. பைதன் இருக்கின்றதா என்று தேடிப் பார்த்தோம்; இருந்தது. மீள நிறுவினோம், அதே பல்லவி. மூன்றாம் நாள் காலை, தேநீரோடு அமர்ந்து, மாணவர் கட்டுரையைத் திருத்துவதுபோல் எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். பைதன்3 என்பதன் வாலில் ஒரு பின்சாய்கோடும் ஆர் என்னும் எழுத்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. நாம் அதுவரை அவற்றை வாசிக்கவேயில்லை.

தட்டச்சுப் பொறி கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வரி முடிந்ததும் உருளையைத் தொடக்கத்துக்குத் தள்ளுவது ஒரு செயல். தாளை ஒரு வரி உயர்த்துவது மற்றொன்று. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இவ்விரண்டுக்கும் இரு குறிகளை இடுகின்றது. லினக்ஸ் இரண்டாவதை மட்டுமே இடும். பெறாமகன் விண்டோஸில் எழுதியதால் முதல் வரியின் இறுதியில் அந்த மேலதிகக் குறி கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. கணனியோ 'பைதன்3'ஐ விட்டு, வாலுடன் கூடிய வேறொரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. பூனைக்குரிய ஆங்கிலச் சொல்லையே பெயராகக் கொண்ட ஒரு கட்டளை உண்டு. அதனோடு சிறுகோடும் பெரிய 'ஏ' எழுத்தும் சேர்த்துக் கோப்பைக் காட்டச் செய்தால், மறைந்த குறி ஒரு கூரைக்குறியும் 'எம்' எழுத்துமாக வெளிப்படும். 'டொஸ்-டு-யுனிக்ஸ்' என்னும் சிறு கருவி அவை அனைத்தையும் ஒரு நொடியில் அகற்றிவிட்டது.

நிரல் ஓடியது. தமிழ் வந்தது. மறுநாள் புதிய சாளரத்தில் ஓட்டியபோது 'தமிழ் என்றொரு தொகுதி இல்லை' என்று கணனி சொன்னதில் எமக்குச் சிறிது மனத்தாங்கல்தான். ஒவ்வொரு சாளரத்திலும் அந்தத் தனியடுப்பை மூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை மறந்தது எமது தவறு.

திருத்தங்களைப் பதிந்து வைக்க 'கிட்' என்னும் கருவியைக் கைக்கொண்டோம். முதற் பதிவிலேயே, 'நீர் யார் என்று தயவுசெய்து எமக்குச் சொல்லும்' என்றது. குடிவரவு அலுவலகங்களில் எம்மவர் எத்தனை தரம் கேட்ட கேள்வி! இங்கே பெயரும் மின்னஞ்சல் முகவரியும் ஒருமுறை கொடுத்தால் போதும். சாட்சிப் பத்திரம் கேட்பதில்லை.

ஏழாம் நாள் அச்சுப் பிரதியை அம்மையாரிடம் கொடுத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்து வந்தவர் ஓரிடத்தில் நின்றார். தமிழ் எழுத்துகளாலான, ஆனால் எம்மொழியிலும் இல்லாத ஒரு சொல். எது ஆங்கிலம், எது பாமினி என்று நிரலுக்குத் தெரியாது. 'ராலி'யையும் அது தமிழாக்கியிருந்தது. மூலக்கோப்பில் வாசிக்க முடிந்த ஒரே சொல், இப்போது வாசிக்க முடியாத ஒரே சொல்லாக நின்றது.

"அது இவருடைய சைக்கிள் எல்லோ மாஸ்ரர்" என்றார் அம்மையார். அவரிடமிருந்தே பேனாவை வாங்கித் திருத்திக்கொண்டோம்.