இழுத்து அடிக்காதீர்கள், வளைத்து வையுங்கள்



போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். சொந்தமாக ஒரு மரவிசைப்படகு வைத்திருக்கிறார். அணியத்துப் பக்கம் இரண்டு பலகை இற்றுப்போய்விட்டதாம். "ஓடாவி ஆறு நாள் கேட்கிறார் சார். இன்னொருத்தர், பலகையை இழுத்துப் பிடித்து ஆணி அடித்து இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்கிறார். தடைக்காலம் முடிய மூன்று நாள்தான் இருக்கிறது. முதல் நாள் பாடு போய்விடுமே?" என்றார்.

நான் இயற்பியல் வாத்தியார். தச்சு வேலை தெரியாது. ஆனாலும் படகை ஏற்றியிருந்த இடத்துக்குப் போய் ஓடாவியிடம் ஒரு பொழுது உட்கார்ந்து கேட்டேன். கேட்டபின் என் கருத்து ஒன்றுதான்: அவர் கேட்கிற ஆறு நாளைக் கொடுங்கள்.

பதினோராம் வகுப்பில் மீள்தன்மை நடத்தினேனே, நினைவிருக்கிறதா? சூடு காட்டாத பலகையை இழுத்து வளைத்தால் அது நிமிரத்தான் பார்க்கும். அந்த விசை முழுவதையும் ஆணிதான் தாங்குகிறது. அணியத்தில் வளைவோடு முறுக்கும் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு அலையையும் முதலில் வாங்குவதும் அந்த இடம்தான். அலை அடிக்க அடிக்க ஆணித்துளை அகலும், பலகை இடுக்கு திறக்கும், தண்ணீர் உள்ளே வரும். சில சமயம் பலகையின் வெளிப்பக்க நார் அப்போதே கீறிவிடும். பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள், ஈரமும் சூடும் சேர்ந்தால் இளகும். அப்போது வளைத்து, ஆறும்வரை பிடித்துவைத்தால் மரம் பெருமளவு அந்த வளைவிலேயே நின்றுவிடும். நீராவிப் பெட்டியில் வைப்பவர்கள் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைப்பார்கள். இந்த ஓடாவி ஈரச்சாக்கு போட்டு, தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தணலில் காட்டுகிறார். சூட்டிலிருந்து எடுத்தால் சில நிமிடம்தான். அதற்குள் நாலு பேர் சேர்ந்து பலகையை வங்கோடு அணைத்து இறுக்கிவிட வேண்டும்.

மீதி நாளெல்லாம் எதற்கு என்று கேட்டேன். பழைய பலகை வருடக்கணக்கில் கோணிப்போயிருக்கும். அதை வைத்து அளவெடுக்க முடியாது, படகில் உள்ள இடைவெளியில்தான் அளவெடுக்க வேண்டும் என்றார். இரண்டு பலகையையும் ஒன்றாகக் கழற்றினால் அணியத்தின் வடிவம் தளரும், ஒன்றை வைத்த பிறகுதான் அடுத்தது. பக்கத்துப் பக்கத்துப் பலகைகளின் மூட்டு ஒரே வங்கில் விழக்கூடாது. கடைசியில் இடுக்கில் பஞ்சுத் திரி இறக்கிக் கலப்பத்து. இதில் எதைக் குறைக்கச் சொல்வது?

படகுக்காரர்களின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. கடன் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, 61 நாள் வருமானம் இல்லை. ஆனால் ஏப்ரல் 15-இல் தடை தொடங்குகிறது, ஜூன் 14-இல் முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த தேதி. படகை முதல் வாரமே ஏற்றிப் பலகையைத் தட்டிப் பார்த்திருந்தால் இந்த அவசரம் ஏன் வருகிறது? கடைசி வாரத்தில் ஓடாவியைக் கூப்பிட்டு, கூலியிலும் பேரம் பேசி, நாளிலும் பேரம் பேசுகிறோம். பிறகு, இப்போதெல்லாம் நல்ல ஓடாவி கிடைப்பதில்லை என்று குறைப்படுகிறோம். ஃபைபர் படகு வந்தபின் அவர்களுக்கு வேலையே குறைந்துவிட்டது. இருக்கிற வேலையையும் அரைகுறையாகச் செய்யச் சொன்னால் அவர் பிள்ளை எதற்காக உளியைத் தொடுவான்?

என் மாணவர் கோபத்தோடுதான் ஒப்புக்கொண்டார். மூன்று நாள் பாடு போனது உண்மை. அந்தப் படகில் போகிற ஆறு பேரில் இரண்டு பேர் என்னிடம் படித்தவர்கள். எனக்கு அந்தக் கணக்கு போதும்.

படகு வைத்திருக்கும் பிள்ளைகளே, அடுத்த ஏப்ரலில் முதல் வேலையாக ஓடாவியைப் போய்ப் பாருங்கள்.