பதிப்பியா, பதிப்பிக்கவா?

கணினிக்குத் தமிழில் கட்டளையிடுவது பற்றிப் பேசத் தொடங்கினால், பிரெஞ்சு இலக்கணம் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியில் திரையில் எழுத்தைக் காட்டும் கட்டளை 'பதிப்பி'. இது மரியாதையற்ற ஒருமை ஏவல், 'பதிப்பிக்க' என்றிருப்பதே முறை, பிரெஞ்சுக்காரர் அவ்வாறே செய்கின்றனர் என்று வாதிடுவோர் உளர்.

பிரெஞ்சுக்காரர் செய்வது உண்மையே. 1970களில் அந்நாட்டுப் பள்ளிகளில் பயின்ற எல்.எஸ்.இ. நிரல்மொழியின் காட்டும் கட்டளை 'அஃபிஷே', அது எச்சவடிவம். அம்மொழியில் நீ, நீங்கள் என ஏவல் இருவகைப்படும். எச்சத்தை இட்டால் எதைத் தேர்வது என்னும் சிக்கல் எழாது. அது அவர்கள் வீட்டுத் தேவை.

நமக்கு அந்தக் கடன் எதற்கு? பவணந்தியார் நன்னூற் பதவியலில் வினைப்பகுதியையே ஏவல் வாய்பாட்டில்தான் வைத்தார்: நட, வா, விடு. அடுத்த நூற்பாவிலேயே 'வி', 'பி' சேர்ந்த செய்வி ஏவலையும் கூறினார். 'பதி' அவ்வழியே 'பதிப்பி' ஆயிற்று. தமிழில் ஏவல் ஒருமையும் வினைப்பகுதியும் ஒரே வடிவின. அதில் அவமதிப்பை மட்டும் கேட்பது நம் செவியின் குறை.

'பதிப்பிக்க' என்பதும் எச்சம் மட்டுமன்று, வியங்கோளுமாம். கடிதத்தில் நாம் எழுதும் 'நிற்க' எவ்வடிவமோ அதுவே இது. வீட்டுப் பெட்டியில் இருப்பதைப் பாரிசில் தேடுவானேன்?

நிற்க. மரியாதை வேண்டாம் என்பதன்று நம் கட்சி. எங்கள் வேலூர்ப் பக்கத்துக் கொடிக்காலில் வெற்றிலை கிள்ள வந்தவரை 'வாங்க' என்பார்கள். வண்டிமாட்டை 'வா' என்பார்கள். இரண்டும் பண்பாடே. மனிதரை நோக்கிக் கணினி பேசுமிடத்தில் 'எண்ணை உள்ளிடுக' என வியங்கோள் வரட்டும். கணினியை நோக்கி மனிதர் பேசுமிடத்தில் 'பதிப்பி' போதும்.

உண்மையில் வாதிடவேண்டியது சொற்றொடர் அமைப்பைப் பற்றி. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நிபந்தனைச் சொல் முதலில் நிற்கும். தமிழில் நிபந்தனை முன்னும் 'ஆனால்' பின்னும் வரும். எழில் அவ்வாறே அடைப்புக்குறிக்குள் நிபந்தனையை வைத்து, அதன்பின் 'ஆனால்' என்கிறது. தமிழ் இலக்கணம் கணினிக்குள் நுழைந்த இடம் அதுதான். அதைப் பாராட்டவோ மறுக்கவோ எவரும் வாய்திறப்பதில்லை.

காவிரிக்கரைப் பள்ளிப்பிள்ளை தன் மொழியில் முதல் நிரலை எழுத அமரும்போது, உன் ஏவலுக்கு அயல்நாட்டுச் சான்றிதழ் வேண்டும் என்று நாம் சொன்னால், அவன் கற்கும் முதற்பாடம் நிரலாக்கமன்று, தாழ்வு மனப்பான்மை.